அடிக்கடி விழுந்த ட்ரிப் சுவிட்சும் அதன் காரணத்தைத் தேடித் தந்த சேவையும்

கொழும்பில் வீட்டு மின்வேலைகளுக்கு ஆள் கிடைப்பது கடினமன்று. புதிதாக ஒரு பிளக் பொயின்ட் போடவும், மின்விசிறி மாட்டவும், பழைய வயரை இழுத்துப் புதியதைச் செலுத்தவும் ஓர் அழைப்பில் யாராவது வந்துவிடுவார்கள். ஒரு பழுது எங்கே இருக்கிறது என்று தேடத் தெரிந்தவரும், அதற்கான கருவிகளுடன் வருபவரும், காரணம் தெரியும்வரை எந்தச் சாமானையும் மாற்றச் சொல்லாதவரும்தான் அரிது. அப்படி ஒருவருடைய சேவையை நவம்பர் இறுதியில் பெற்றோம். தனியாகத் தொழில் செய்பவர் என்பதால் அவருடைய பெயரையும் எண்ணையும் இங்கே இடவில்லை. அவர் எப்படி வேலை செய்தார், எதற்கு எவ்வளவு வாங்கினார், எங்கே குறை வைத்தார் என்பதை விரிவாக எழுதுகிறேன். இதே தொல்லையுள்ளவர்கள், தாங்கள் கூப்பிடும் ஆளிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று அறிந்துகொள்ள அது உதவும்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், மாடியில் இருக்கிறது. கீழ்வீட்டுக்கு வேறு மீற்றர், எங்களுக்கு வேறு. வயரிங் செய்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. மின்சாரத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்துவிடும் டிபி பெட்டியில் மெயின் சுவிட்ச், அதையடுத்து மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச், பிறகு சுற்றுக்கு ஒன்றாக ஒன்பது பிரேக்கர்கள் உள்ளன. ஒக்டோபர் நடுப்பகுதியில் மழை தொடங்கிய வாரத்தில், அம்மா காலைத் தேநீருக்குக் கேத்தலைப் போட்ட அதே கணத்தில், ட்ரிப் சுவிட்ச் முதன்முதலாக விழுந்தது. மறுநாளும் அப்படியே. கேத்தல்தான் பழுதென்று எல்லோரும் முடிவுகட்டி, புதிய கேத்தல் ஒன்றை வாங்கினோம். புதிய கேத்தலுக்கும் விழுந்தது. பின்னர் அயனுக்கும் ரைஸ் குக்கருக்கும் விழுந்தது. வெயிலடித்த நாள்களில் அவை மூன்றும் ஒரு தடங்கலுமின்றி வேலை செய்தன.

இதைவிடக் குழப்பமானது மாலை நேரம். ஆறரை மணிக்குப் பிறகு, வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரும் எதையும் தொடாமலே வீடு இருண்டுவிடும். தூக்கிவிட்டால் சில நேரம் நிற்கும், சில நேரம் கையை எடுக்குமுன் விழுந்துவிடும். நவம்பர் முதல் வாரத்தில் ஓர் இறுதிச் சடங்குக்காக யாழ்ப்பாணம் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பியபோது, நாங்கள் புறப்பட்ட அன்றே சுவிட்ச் விழுந்திருக்க வேண்டும் என்பது கதவைத் திறந்ததுமே தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த மீன் முழுவதும் கெட்டு, அந்த வாடை போக ஒரு வாரமாயிற்று.

முதலில் நாங்கள் கூப்பிட்டது அயலில் பலருக்கும் மின்வேலை செய்துகொடுக்கும் ஒரு வயரிங் பாஸை, அதாவது வயரிங் தொழிலாளியை. அவர் பிரேக்கர்கள் ஒன்பதையும் கீழே தட்டிவிட்டு, ட்ரிப் சுவிட்சை மட்டும் மேலே தூக்கிவைத்து, மாலைவரை அப்படியே விடச் சொன்னார். ஏழு மணியளவில் அது தானாக விழுந்தது. “எல்லாத்தையும் ஓஃப் பண்ணியும் விழுதெண்டா சுவிட்ச்தான் பழுது” என்று தொலைபேசியில் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகவே பட்டது. மறுநாள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து புதிய சுவிட்ச் ஒன்றை வாங்கிவந்து பூட்டினார். சுவிட்சுக்கும் கூலிக்கும் சேர்த்து 12,800 ரூபாய். இரண்டு நாள் மழையில்லை, சுவிட்சும் விழவில்லை. மூன்றாம் நாள் மழை பெய்தது, விழுந்தது. திரும்ப அழைத்தபோது, ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்துவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாகவும் கொழும்பில் பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான் இருப்பதாகவும் அவர் சொன்னார். அம்மா அதற்கு இணங்கவில்லை. அவர் இணங்காதது எவ்வளவு சரி என்பது எனக்குப் பின்னர்தான் முழுமையாக விளங்கியது.

இந்த மதிப்புரைக்குரிய மின்பணியாளரை, பம்பலப்பிட்டியில் உள்ள ஓர் உறவினர் மூலம் அறிந்தோம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், என்.வி.கியூ. என்னும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்றவர். முதல் அழைப்பிலேயே வருவதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கால் மணி நேரம் கேள்வி கேட்டார். விழும்போது மழை பெய்ததா, எத்தனை மணிக்கு, அப்போது எது ஓடிக்கொண்டிருந்தது, தூக்கியதும் நின்றதா, வீட்டில் இன்வேர்ட்டர் இருக்கிறதா, அண்மையில் எங்காவது சுவரில் ஆணியோ திருகாணியோ அடித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்வேர்ட்டரைப் பற்றி ஏன் கேட்டார் என்பதைப் பின்னர் விளக்கினார். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பல வீடுகளில் அவசரமாக இன்வேர்ட்டர் பூட்டினார்களாம். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயரைத்தான் நியூட்ரல் என்கிறார்கள்; ட்ரிப் சுவிட்சுக்கு முந்திய நியூட்ரலும் பிந்திய நியூட்ரலும் அந்த இணைப்பில் ஒன்றாகக் கலந்துவிட்டால், அதனாலேயே சுவிட்ச் விழுந்துகொண்டிருக்குமாம். எங்கள் வீட்டில் இன்வேர்ட்டர் இல்லை.

வருவதற்கு முன் ஐந்து நாளைக்கு ஒரு குறிப்பு எழுதிவைக்கச் சொன்னார். அம்மா ஓர் எண்பது பக்கக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு முறை விழும்போதும் திகதி, நேரம், மழையா வெயிலா, என்ன போட்டிருந்தோம் என்பதை நான்கு கோடுகளுக்குள் எழுதினார். ஐந்து நாளில் பதினான்கு பதிவுகள். அவற்றில் ஒன்பது, மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடைப்பட்டவை. மீதி ஐந்தும் கேத்தல், அயன், ரைஸ் குக்கர் ஆகியவற்றில் ஒன்றைப் போட்டபோது நிகழ்ந்தவை. மழை பெய்யாத நாளில் ஒரே ஒரு பதிவுதான். அந்தக் கொப்பியின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியதும், “அக்கா, இது நியூட்ரல்ல இருக்கிற பிழை மாதிரித் தெரியுது. வந்து பாக்காமல் உறுதியாச் சொல்லேலாது” என்று பதில் வந்தது. காரணத்தின் இனத்தை வீட்டுக்கு வராமலே ஊகித்தவர், வந்து அளந்து பார்க்கும்வரை அதை ஊகமாகவே வைத்திருந்தார். அவர்மேல் எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அங்கேதான்.

வந்த நாளில் அவர் முதலில் ட்ரிப் சுவிட்சையே சோதித்தார். அதன் உள்ளே ஒரு வளையம் இருக்கிறது. லைவ் வயரும் நியூட்ரல் வயரும் அதனூடாகவே செல்கின்றன. லைவ் வழியாகப் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்தால், கடைக்காரரின் வரவும் செலவும் ஒத்துப்போவதுபோல, இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு பகுதி மனித உடலூடாகவோ ஈரச் சுவரூடாகவோ நிலத்துக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும், சுவிட்ச் விழும். வீடுகளில் பூட்டும் சுவிட்ச், கசிவு 15 மில்லியம்பியருக்குக் கீழே இருக்கும்வரை விழக்கூடாது; 30 ஐ எட்டினால் கட்டாயம் விழவேண்டும். எங்கள் புதிய சுவிட்ச் 24 இல் விழுந்தது. கழற்றிய பழைய சுவிட்சை நான் எறியாமல் வைத்திருந்தேன். அதையும் தற்காலிகமாக இணைத்துச் சோதித்தார். அது 23 இல் விழுந்தது. “அம்மா, பழையதிலயும் பிழை இல்லை. ரெண்டும் தங்கட வேலையச் சரியாத்தான் செய்திருக்கு” என்று சொல்லி, பழையதைத் துடைத்து அம்மாவின் கையில் கொடுத்தார். 12,800 ரூபாய் எதற்காகப் போயிற்று என்பதை அந்த ஐந்து நிமிடச் சோதனை சொல்லிவிட்டது. முதல் ஆள் அந்தக் கருவியுடன் வந்திருந்தால் புறக்கோட்டைக்கே போயிருக்க வேண்டியதில்லை.

அடுத்து, லைவையும் நியூட்ரலையும் ஒன்றாகப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீற்றரால், வீட்டில் எப்போதும் இருக்கும் கசிவை அளந்தார். ஏழு மில்லியம்பியர். கணினி, வோஷிங் மெஷின், தொலைக்காட்சி போன்றவற்றின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் பாகங்கள் ஒவ்வொன்றும் இயல்பாகவே சிறிதளவு மின்னோட்டத்தை ஏர்த்துக்கு, அதாவது நிலத்தோடு இணைத்த கம்பிக்கு, விடும் என்றும், பல சாதனங்கள் சேர்ந்தால் அது கூடிக்கொண்டே போகும் என்றும், ஏழு என்பது கவலைப்படும் அளவன்று என்றும் சொன்னார். கேத்தல்களையும் அயனையும் 500 வோல்ட் கொடுத்து மின்காப்பைச் சோதிக்கும் மெகர் என்ற கருவியால் பார்த்தார். அவற்றில் எந்தக் குறையும் இல்லை. நீர் சூடாக்கும் சாதனங்களில் ஹீற்றர் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்குவது வழக்கமென்பதால், கேத்தலைச் சந்தேகிப்பது தவறான இடமன்று என்று அவர் சொன்னபோது, அம்மாவுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

பிறகுதான் விடயத்தின் மையத்துக்கு வந்தார். பிரேக்கர்கள் எல்லாவற்றையும் அணைத்த பின்னரும் சுவிட்ச் விழுகிறது என்றால் சுவிட்ச்தான் பழுது என்று முதல் ஆள் முடிவு செய்தது ஏன் பிழை என்பதை, டிபி பெட்டியின் மூடியைக் கழற்றி எங்களுக்குக் காட்டினார். பெரும்பாலான வீடுகளைப் போலவே எங்கள் பிரேக்கர்களும் லைவை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் வயர்கள் ஒன்பதும் ஒரு பித்தளைச் சட்டத்தில் ஒன்றாக முறுக்கப்பட்டு, பிரேக்கர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் இணைப்பிலேயே இருக்கின்றன. ஆகவே ஏதோ ஓரிடத்தில் நியூட்ரல் வயர் ஏர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், பிரேக்கரை அணைப்பதால் அது பிரியாது. நியூட்ரலில் மின்சாரம் இல்லையே, தொட்டால்தான் என்ன என்று நான் கேட்டேன். அதற்கு அவர் வாயால் பதில் சொல்லாமல் அளந்தே காட்டினார்.

எங்கள் நாட்டில் நியூட்ரல், மின்மாற்றியின் அருகே நிலத்தோடு இணைக்கப்படுகிறது. வீட்டுக்கு வரும்வரை அது நீண்ட கம்பியில் வருகிறது. அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது, வீட்டு முனையில் சிறிய அழுத்தம் ஒன்று எழும். பகல் வேளையில், எதுவும் போடாதபோது, எங்கள் நியூட்ரலுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அரை வோல்ட் இருந்தது. 2,000 வாட் கேத்தலைப் போட்டதும் அது 1.8 வோல்ட்டாக ஏறியது. எங்கள் முற்றத்தில் புதைத்துள்ள ஏர்த் கம்பியின் தடையை வேறொரு கருவியால் அளந்தார், 38 ஓம். நியூட்ரல் எங்காவது ஏர்த்தை நன்றாகத் தொட்டிருந்தால், 1.8 ஐ 38 ஆல் வகுத்து வரும் 47 மில்லியம்பியர் அந்த வழியாக நிலத்துக்கு ஓடும். சுவிட்ச் விழுவதற்கு அது போதும், மிகையும்கூட. கேத்தலில் எந்தக் கசிவும் இல்லாமலே கேத்தலைப் போட்டால் விழுவதன் காரணம் இதுதான். மின்விசிறிக்கோ விளக்குக்கோ விழாததன் காரணமும் இதுவே. அவை எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு.

மாலைக் குழப்பமும் இதோடு தெளிந்தது. மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரையான நேரத்தைத்தான் மின்சார சபை உச்ச நேரம் என்று வகுத்திருக்கிறது. அப்போது ஒழுங்கை முழுவதும் சமைக்கிறது, குளிரூட்டி போடுகிறது, அயன் பண்ணுகிறது. அந்த மின்னோட்டமும் அதே நியூட்ரல் கம்பியில்தான் திரும்புகிறது. எங்கள் வீட்டில் ஒன்றுமே ஓடாவிட்டாலும் அயல்வீடுகளின் சுமையால் எங்கள் நியூட்ரல் அழுத்தம் ஏறி, அது எங்கள் பழுதின் வழியாக நிலத்துக்குப் பாய்கிறது. அவர் மாலை ஏழு மணிக்கு மீண்டும் அளந்தபோது 1.3 வோல்ட் காட்டியது. 38 ஆல் வகுத்தால் 34 மில்லியம்பியர். பக்கத்து வீட்டு ரைஸ் குக்கருக்கு எங்கள் வீட்டு விளக்கு அணைந்திருக்கிறது. ஆறு வாரமாக ஒரு பிசாசைப்போல எங்களை அலைக்கழித்த ஒன்று, மூன்று எண்களில் அடங்கிப்போனதைப் பார்த்து நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன்.

இனி அந்தத் தொடுகை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். மெயினை அணைத்து, கணினி, தொலைக்காட்சி முதலியவற்றின் பிளக்குகளையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் கழற்றச் சொன்னார். 500 வோல்ட் சோதனையில் அவை பழுதாகக்கூடும் என்பதால் இந்தப் படியை அவர் ஒருபோதும் தவிர்ப்பதில்லையாம். பித்தளைச் சட்டத்திலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடாவில் இலக்கமிட்டு ஒட்டி, மெகரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை ஏர்த்திலும் வைத்து அளந்தார். நல்ல வயரில் அது குறைந்தபட்சம் ஒரு மெகாஓமாவது காட்ட வேண்டும். முதல் ஐந்தும் நூறுக்கு மேல் காட்டின. ஆறாவது, கருவியின் முள் அசையாமல் பூச்சியத்திலேயே கிடந்தது. அது பின்பக்க அறைகளுக்கும் பால்கனிக்கும் போகும் விளக்குச் சுற்று. அவர் அங்கேயே நிறுத்திவிடாமல் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவதையும் அளந்தார். ஒரு பழுது கிடைத்த மகிழ்ச்சியில் இரண்டாவதைத் தவறவிட்டவர்களின் வீடுகளுக்கு, தான் மறுபடி போக நேர்ந்திருக்கிறது என்றார்.

அந்தச் சுற்றில் ஏழு விளக்குகள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் அன்று முழுவதும் ஆகியிருக்கும். நடுவிலுள்ள இணைப்புப் பெட்டியைத் திறந்து சுற்றை இரண்டாகப் பிரித்தார். டிபி பக்கப் பாதி நல்லது, பின்பாதி பூச்சியம். பின்பாதியை மறுபடி பிரித்தார். மூன்றாவது பிரிப்பில் மிஞ்சியது பால்கனிச் சுவரிலுள்ள ஓர் உலோக விளக்கு மட்டுமே. அதன் குமிழ் பழுதாகி நான்கைந்து மாதமாக எரியவில்லை. சுவிட்ச் எப்போதும் அணைத்தே இருந்தது. அதனால்தான் நாங்கள் யாரும் அதை நினைத்தே பார்க்கவில்லை. சுவர்ச் சுவிட்சும் லைவை மட்டுமே துண்டிக்கிறது என்பதை அன்றுதான் அறிந்துகொண்டோம்.

விளக்கின் மூடியைக் கழற்றியபோது நானும் ஏணியருகே நின்றேன். அந்த விளக்கு முந்திய ஆண்டுத் தீபாவளிக்கு முதல் வாரம் பூட்டப்பட்டது. பூட்டியவர் வயரை உள்ளே மடித்துவைக்காமல் மூடியை இறுக்கியிருக்கிறார். கறுப்பு நியூட்ரல் வயரின் ஓர் ஓரம், சுவரோடு இருந்த தகட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் நசுங்கி, தோல் ஒரு நெல்மணி அளவுக்குக் கிழிந்திருந்தது. கிழிவில் தெரிந்த செம்பு கடல் உப்பால் பச்சைப் பாசிபோலப் பூத்திருந்தது. தகட்டின் அந்த இடத்தில் துருக்கோடு ஒன்று. மேலே சிமெந்து வெடிப்பிலிருந்து இறங்கிய மழைநீர் சரியாக அந்தக் கோட்டின் வழியே வடிந்திருக்கிறது. காய்ந்த நாளில் அந்தப் பச்சைப் படலம் ஓரளவு தடையாக நின்றிருக்கிறது. மழை நாளில் உப்பு நீர் ஊறியதும் நேரடித் தொடுகையாகிவிட்டது. அம்மாவின் கொப்பியில் மழை என்று எழுதிய வரிகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த நெல்மணி அளவு செம்பில் இருந்தது. கடற்கரையோரம் வசிப்பவர்கள் வெளிச்சுவர் விளக்குகளுக்கு உலோக உடலைத் தவிர்த்து, நீர் புகாதவாறு அடைப்புள்ள பிளாஸ்திக் உடலுடையதை வாங்க வேண்டும் என்று அவர் சொன்னதை, இதைப் படிப்பவர்களுக்கும் வலியுறுத்துகிறேன்.

அன்று அவர் கெட்டுப்போன வயர் முனையை வெட்டி நீக்கி, நல்ல செம்பு தெரியும்வரை பின்னுக்குப் போய், முனைகளைத் தனித்தனியாக அடைத்து, விளக்கை நீக்கி மூடிவிட்டார். சுற்றை மறுபடி அளந்தபோது நூற்று இருபது மெகாஓம். எல்லா நியூட்ரல்களையும் இலக்கப்படி மீண்டும் முறுக்கி, கேத்தல், அயன், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டினார். சுவிட்ச் அசையவில்லை.

ட்ரிப் சுவிட்சை நீக்கி நேரடியாக இணைக்கலாம் என்ற யோசனையைப் பற்றிச் சொன்னபோதுதான் அவருடைய முகம் மாறியது. எங்கள் ஏர்த் தடை 38 ஓம் என்பதால், லைவ் வயர் ஓர் உலோக உடலை முழுமையாகத் தொட்டாலும் 230 ஐ 38 ஆல் வகுக்க ஆறு அம்பியர்தான் ஓடும். பிளக் சுற்றின் பிரேக்கர் 20 அம்பியர். அது அந்த ஆறு அம்பியரைச் சாதாரணச் சுமையென்றே கொள்ளும். வோஷிங் மெஷினின் உடல் மணிக்கணக்கில் மின்னேறியே நிற்கும், தொட்டவர் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு வீடும் தன் சொந்த ஏர்த் கம்பியை நம்பியிருக்கும் எங்கள் ஊர்களில், அந்த நிலையில் இணைப்பைத் துண்டிக்கக்கூடியது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். இந்தக் கணக்கை அவர் மின்கட்டணப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி அம்மாவுக்கு விளக்கினார். வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் இருப்பவர்கள், அந்தச் சுவிட்சைத் தவிர்க்கச் சொல்லும் எவரையும் டிபி பெட்டியைத் தொட விடவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கட்டணம் பற்றி. வருகைக்கு 3,000 ரூபாய், தேடலுக்கு மணிக்கு 2,000 வீதம் மூன்றரை மணி நேரத்துக்கு 7,000, ஆக 10,000. பாகங்களுக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. பால்கனிக்கான புதிய விளக்கை நாங்களே வாங்கினோம். அதை இன்னொரு நாள் வந்து பூட்ட 1,500 பெற்றார். ஒரு வயர் முனையை வெட்டியதற்குப் பத்தாயிரமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். வெட்டியதற்கு அன்று, எந்த முனை என்று கண்டுபிடித்ததற்கே அந்தப் பணம் என்பது என் பதில். முன்னர் 12,800 கொடுத்து வாங்கிய சுவிட்சோடு ஒப்பிட்டால் இது மலிவு. சாமான் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் உள்ளவருக்குத் தேடுவதில் நாட்டமிருக்காது. தேடலுக்கே கூலி பேசுபவரிடம் அந்தச் சிக்கல் இல்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. காலை பத்து மணிக்கு என்று சொன்னவர் பிற்பகல் இரண்டரைக்குத்தான் வந்தார். முந்திய வேலை நீண்டுவிட்டது என்பதை முன்கூட்டியே ஒரு வரி அனுப்பியிருக்கலாம். இணைப்புப் பெட்டிகளைத் திறந்தபோது விழுந்த சுண்ணாம்புத் தூளைக் கூட்டாமல் போய்விட்டார். அளந்த எண்களை எழுத்தில் தருமாறு நான் கேட்ட பின்னரே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். கேட்காதவர்களுக்கு அது கிடைக்காது. மின்பரிசோதனை செய்பவர்கள் அந்தத் தாளைத் தாமாகவே கொடுக்க வேண்டும், அடுத்து வருபவர் எங்கிருந்து தொடங்குவது என்பதை அதுதான் சொல்லும். ஏர்த் தடையைக் குறைக்க இன்னொரு கம்பி அடிப்பதாகச் சொல்லியிருந்தார், அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. இருமுறை நினைவூட்டியிருக்கிறேன்.

பழுது நீங்கி ஆறு வாரமாகிறது. இடையில் மார்கழி மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. சுவிட்ச் ஒருமுறையும் விழவில்லை. சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார். டிசம்பரிலும் சனவரியிலும் அழுத்தினோம், இரண்டு முறையும் உடனே விழுந்தது. அம்மா இப்போது அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் பொத்தான் அழுத்திய திகதிகளை எழுதிவருகிறார். எங்கள் பால்கனிக்கு நேர் கீழே, கீழ்வீட்டு முன்சுவரிலும் அதே உலோக விளக்கு, அதே ஆள் அதே வாரத்தில் பூட்டியது, இருக்கிறது. அவர்களுடைய சுவிட்ச் இன்னும் விழத் தொடங்கவில்லை. வரும் சனிக்கிழமை ஏர்த் கம்பி அடிக்க வரும்போது அதையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.